ஆய்வகத்தில் வளரும் ரத்த ஸ்டெம் செல்: அரசு மருத்துவமனை வரை வருமா?

2025 அக்டோபரில் ஜார்க்கண்ட் மாநிலம் சாய்பாசாவில், ரத்தம் ஏற்றிக்கொண்டு உயிர்வாழும் தலசீமியா குழந்தைகள் ஐந்து பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. இடைநீக்கம், விசாரணை, இழப்பீடு என்று எல்லாம் வரிசையாக நடந்தன. ரத்த வங்கிகளின் பரிசோதனை முறை பற்றி நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது, எழ வேண்டியதுதான். ஆனால், அதற்கும் முந்தைய கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு குழந்தை எதற்காக இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க, முகம் தெரியாத ஒருவரின் ரத்தத்தை நம்பியிருக்க வேண்டும்? தலசீமியாவை அடியோடு தீர்க்கும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இந்தியாவுக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983இல் தொடங்கியது, வேலூர் சி.எம்.சி.யில் 1986இல். அப்படியிருந்தும் பெரும்பாலான தலசீமியா குழந்தைகள் ரத்தப் பையோடுதான் வளர்கிறார்கள். பணம் ஒரு காரணம். பொருத்தமான ரத்த ஸ்டெம் செல்லைத் தர ஆள் கிடைக்காதது இன்னொரு காரணம்.

இந்த இரண்டாவது தடையை ஆய்வகங்கள் அசைக்கத் தொடங்கிவிட்டன. கொடையாளரிடமிருந்து எடுத்த கொஞ்சம் செல்லைப் பெருக்கித் தரும் இரண்டு தயாரிப்புகளுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசு ஒப்புதல் கிடைத்தாகிவிட்டது. கொடையாளரே இல்லாமல், நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்லைக் கொண்டு புதிதாக ரத்த ஸ்டெம் செல்லை உருவாக்கும் வேலை எலிச் சோதனை வரை வந்துவிட்டது. இதைப் பார்த்து வியப்பதோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கொடையாளர் தடை நீங்கும்போது பணத் தடை பத்து மடங்காக எழுந்து நிற்கும். இந்தச் செல்களை வளர்க்கும் கூடத்தை இந்தியா இப்போதே பொதுப் பணத்தில், பொது நிறுவனங்களில் அமைக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

எலும்புக்குள் ஒரு பட்டறை

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். தட்டணுவுக்கு ஒரு வாரம், பத்து நாள். கிருமியோடு மோதும் வெள்ளணுக்களில் பெரும்பான்மையானவை ஓரிரு நாளில் மடிந்துவிடும். இந்த இழப்பை ஈடுகட்ட, வளர்ந்த மனிதரின் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைப் புதிதாகச் செய்து அனுப்புகிறது. இத்தனை உற்பத்திக்கும் மூலமாக இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள் எத்தனை தெரியுமா? 2018இல் வெளியான ஒரு மரபணு ஆய்வின் கணக்கு, உடல் முழுவதற்கும் 50,000 முதல் இரண்டு லட்சம் வரை என்கிறது. ஒரு ஸ்டெம் செல் பிரியும்போது தன்னைப் போலவே இன்னொன்றையும் உருவாக்கும். சிவப்பணு, வெள்ளணு, தட்டணுவாக மாறக்கூடிய வாரிசுகளையும் உருவாக்கும். இந்த இரட்டைத் திறன் இருப்பதால்தான் கையளவு செல்லை மாற்றிவைத்து ஒருவரின் ரத்தம் முழுவதையும் புதிதாக்க முடிகிறது.

மாற்று சிகிச்சை என்றதும் பலரும் ஆபரேஷன் தியேட்டரைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நடப்பது வேறு. முதலில் கடுமையான கீமோ மருந்துகளைக் கொடுத்து நோயாளியின் பழைய மஜ்ஜையைக் காலிசெய்கிறார்கள். பிறகு ஒரு நாள், கழுத்துக்குக் கீழே பொருத்திய குழாய் வழியாக, சாதாரண ரத்தப் பையைப் போன்ற ஒரு பையிலிருந்து ஸ்டெம் செல்லை ஏற்றுகிறார்கள். உறையவைத்துப் பாதுகாத்த செல்லாக இருந்தால், அதில் சேர்த்த மருந்தின் காரணமாக நோயாளியின் மூச்சிலும் அறையிலும் பூண்டு வாடை அடிக்கும். அவ்வளவுதான் மாற்று. உண்மையான கண்டம் அதற்குப் பிறகு வருவது. ஏற்றிய செல்கள் ரத்த ஓட்டத்தில் போய், தாமாகவே எலும்புக்குள் இடம்பிடித்து, வேலையைத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை உடலில் எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த வார்டில் பெற்றோரும் செவிலியரும் தினமும் கேட்டுக்கொள்ளும் ஒரே கேள்வி, “கவுன்ட் எவ்வளவு?” நியூட்ரோஃபில் எனும் வெள்ளணு 500ஐத் தொட்டு, தொடர்ந்து மூன்று நாள் இறங்காமல் நின்றால் செல் பிடித்துவிட்டது என்று பொருள். எவ்வளவு அதிக ஸ்டெம் செல் ஏற்றப்படுகிறதோ, அவ்வளவு சீக்கிரம் கவுன்ட் ஏறும். செல்லின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஏன் உயிர்ப் பிரச்சினை என்பது இங்கே விளங்கும்.

பொருத்தம் எனும் சீட்டுக்குலுக்கல்

யாருடைய செல்லை வேண்டுமானாலும் ஏற்றிவிட முடியாது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் எச்.எல்.ஏ. எனும் அடையாளங்கள் பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவரோடு முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒன்று அல்லது இரண்டு பிள்ளையோடு குடும்பம் நின்றுவிடும் தமிழ்நாட்டில் அந்த வாய்ப்பு எவ்வளவு சுருங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடையே ஒரு விசித்திரமும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. தலசீமியா போன்ற நோய்கள் பிள்ளைக்கு வருவதற்கான வாய்ப்பை அது கூட்டுகிறது. அதே சமயம் சித்தப்பா, அத்தை வகையறாவில் பொருத்தமான கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பையும் கொஞ்சம் கூட்டுகிறது. ஒரு கையால் எடுத்ததை மறு கையால் கொஞ்சமாகத் திருப்பித் தருவது போலத்தான். இதை நம்பி யாரும் சொந்தத்தில் மணம் முடிக்க வேண்டாம்.

குடும்பத்தில் கிடைக்காவிட்டால் கொடையாளர் பதிவேடு. உலகம் முழுக்கப் பதிவானவர்கள் நான்கு கோடிக்கு மேல். எட்டரைக் கோடிப் பேர் வாழும் ஜெர்மனியில் மட்டும் சுமார் ஒரு கோடிப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். 140 கோடிப் பேரைக் கொண்ட இந்தியாவின் பதிவேடுகளை எல்லாம் சேர்த்தாலும் அதன் அருகில்கூட வராது. 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி பதிவேட்டில் இருப்பவர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். எச்.எல்.ஏ. அடையாளம் வம்சாவளியோடு ஒட்டி வருவது. ஐரோப்பியரின் பதிவேட்டில் நம் நோயாளிக்குப் பொருத்தம் தேடுவது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். அமெரிக்கப் பதிவேட்டின் கணக்கே இதைக் காட்டுகிறது: அங்கே வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 79 விழுக்காடு, ஆசிய வம்சாவளியினருக்கு 47, கறுப்பினத்தவருக்கு 29. சாதிக்குள் சாதி, குலத்துக்குள் குலம் என்று பிரிந்து மணம் முடித்துவந்த இந்தியச் சமூகத்தில் எச்.எல்.ஏ. வகைகள் இன்னும் அதிகம். நம் நாட்டுக்குப் பதிவேடு பெரிதாக இருக்க வேண்டும், இருப்பதோ சிறிது.

ஆய்வகம் என்ன செய்திருக்கிறது?

இரண்டு வழிகள். முதல் வழி, இருக்கிற செல்லைப் பெருக்குவது. கேட்க எளிதாகத் தோன்றும்; ஆனால், ஐம்பது ஆண்டு காலம் விஞ்ஞானிகளின் கையை நழுவிய வேலை இது. டொரன்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குலக் இருவரும் 1961இல் ரத்த ஸ்டெம் செல் இருப்பதை எலிகளில் நிரூபித்த நாளிலிருந்து எல்லோரும் அதை வளர்க்கத்தான் முயன்றார்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் செல்கள் பெருகத்தான் செய்தன. ஆனால், பெருகும்போதே சிவப்பணுவாகவும் வெள்ளணுவாகவும் முதிர்ந்து மூலத் திறனை இழந்துவிட்டன. விதைநெல் முழுவதும் சோறாகிவிட்ட கதை. மூட்டை நிறைய இருக்கும். அடுத்த போகத்துக்கு ஒரு மணி மிஞ்சாது.

திருப்பம் சில எளிய வேதிப்பொருட்களால் வந்தது. மான்ட்ரியலில் விஞ்ஞானி கீ சோவாஜோவின் குழு 2014இல் யு.எம்.171 என்ற மூலக்கூறு தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்களை முதிரவிடாமல் பெருக்குவதைக் காட்டியது. அதன் வழியில் உருவான ஸெம்செல்ப்ரோ, 2025 ஆகஸ்ட்டில் ஐரோப்பிய ஆணையத்தின் நிபந்தனை ஒப்புதலைப் பெற்றது. வேறு கொடையாளர் கிடைக்காத ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அதைத் தரலாம். இதற்கு முன்பே 2023 ஏப்ரலில் அமெரிக்கா ஒமிசர்ஜ் என்ற தயாரிப்பை அனுமதித்திருந்தது. அதில் செல்லைப் பெருக்க உதவுவது நிகோடினமைடு, அதாவது வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். 125 பேரிடம் நடந்த ஒப்பீட்டில், சாதாரணத் தொப்புள்கொடி ரத்தம் பெற்றவர்களுக்குக் கவுன்ட் ஏற 22 நாள் ஆனது. பெருக்கிய செல்லைப் பெற்றவர்களுக்கு 12 நாள். கடும் பாக்டீரியா, பூஞ்சைத் தொற்றுக்கு ஆளானவர்கள் 60 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காடாகக் குறைந்தனர். எதிர்ப்புச் சக்தி இல்லாமல் ஓர் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் நோயாளிக்குப் பத்து நாள் என்பது சின்ன விஷயமில்லை.

தொப்புள்கொடி ரத்தத்தை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்றால், அதில் உள்ள செல்கள் இளையவை, எச்.எல்.ஏ. கொஞ்சம் பொருந்தாவிட்டாலும் சமாளிக்கும். 1988இல் பாரிஸில் மருத்துவர் எலியான் குளுக்மேன் அதை வைத்து முதல் மாற்றைச் செய்தார். சிக்கல், ஒரு தொப்புள்கொடியில் கிடைப்பது நூறு மில்லி அளவுதான். குழந்தைக்குப் போதும், பெரியவர்களுக்குப் போதாது. பெருக்க முடிந்தால் இந்தக் குறை தீரும். பிரசவ வார்டில் நஞ்சுக்கொடியோடு குப்பைக்குப் போகும் ரத்தம், பெரியவரின் உயிரைக் காக்கும் பொருளாகிவிடும்.

இரண்டாவது வழி துணிச்சலானது. ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006இல் எலியின் தோல் செல்லையும் 2007இல் மனிதத் தோல் செல்லையும் பின்னோக்கித் திருப்பி, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய நிலைக்குக் கொண்டுசென்றார். 2012இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அப்படித் திருப்பிய செல்லை ரத்த ஸ்டெம் செல்லாக மாற்ற முடிந்தால் கொடையாளரே தேவைப்படாது. மெல்பர்ன் நகரின் மர்டாக் குழந்தைகள் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் இங், ஆண்ட்ரூ எலிஃபன்டி, எட் ஸ்டான்லி குழுவினர் 2024 செப்டம்பரில் இதற்கு மிக நெருங்கிய வெற்றியை வெளியிட்டனர். கருவில் ரத்த ஸ்டெம் செல் முதலில் தோன்றுவது, பெருந்தமனியின் உட்சுவரில். கருத்தரித்த நான்கைந்து வாரத்தில். அந்த வரிசையை அப்படியே பாத்திரத்தில் நடத்திக்காட்ட, சரியான நாளில் சரியான ஊக்கியைச் சேர்த்து, சரியான நாளில் நிறுத்த வேண்டியிருந்தது. வைட்டமின் ஏ வகைப் பொருள் ஒன்றை இடையில் சேர்த்ததுதான் முக்கியத் திருகு என்று அவர்கள் கண்டார்கள். உறையவைத்துப் பிறகு உருக்கிய இந்தச் செல்களை எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்கு ஏற்றியபோது, கால் பங்கு முதல் பாதி வரையிலான எலிகளில் அவை மஜ்ஜையில் நிலைத்துப் பல வகை ரத்த அணுக்களையும் தந்தன. நிலைத்த அளவு, தொப்புள்கொடி ரத்தம் தருவதற்கு ஒப்பாக இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு 2025இல் இன்னொரு காட்சியைக் காட்டியது: அவர்கள் வளர்த்த கரு போன்ற சிறு உருண்டைகளில் எட்டாம் நாள் இதயச் செல்கள் துடித்தன; பதின்மூன்றாம் நாள் வெறும் கண்ணுக்கே தெரியும்படி சிவப்புத் திட்டுக்கள் தோன்றின. அந்தச் சிவப்பு, ரத்தம்.

எலியில் வென்றது மனிதரில் வெல்லும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மெல்பர்ன் குழுவே மனிதச் சோதனைக்கு ஐந்தாண்டு போலப் பிடிக்கலாம் என்றுதான் சொன்னது. ஆகவே, இது நாளை மருந்துக்கடைக்கு வந்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. முதல் வழி இன்றைக்கே கையில் இருக்கிறது; இரண்டாவது வழி இன்னும் பத்தாண்டு கூட எடுக்கலாம். திட்டமிடுவதற்கு இந்த இடைவெளி மிகவும் பொருத்தமான காலம்.

பாதிப் பொருத்தம் போதாதா?

வல்லுநர்கள் எழுப்பும் வலுவான ஆட்சேபம் இது: அப்பாவோ அம்மாவோ தரும் பாதிப் பொருத்தமுள்ள செல்லை வைத்தே இப்போது மாற்று சிகிச்சை நடக்கிறது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வகுத்த மருந்து முறையால் அதன் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது, கொடையாளர் பஞ்சம் ஏறத்தாழ தீர்ந்த நிலையில் ஆய்வகச் செல் எதற்கு? இதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் பாதிப் பொருத்த மாற்று பல உயிர்களைக் காப்பாற்றிவருகிறது. செலவும் வெளிநாட்டுப் பதிவேட்டிலிருந்து செல்லைத் தருவிப்பதைவிடக் குறைவு.

ஆனால், அது எல்லா நோய்க்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை. பிறந்ததிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்ட தலசீமியா குழந்தையின் உடல், எத்தனையோ பேரின் செல்களைச் சந்தித்துச் சந்தித்து அந்நியச் செல்லுக்கு எதிராகச் சூடாகியிருக்கும். அப்பாவின் பாதிப் பொருத்தச் செல்லை அது தூக்கி எறிந்துவிடும் அபாயம், உடன்பிறந்தவரின் முழுப் பொருத்தச் செல்லைவிட அதிகம். ஒவ்வொரு ரத்தப் பையோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடலுக்குள் போகிறது. வெளியேறுவதற்கு இயற்கையில் வழியில்லை. இரும்பை வெளியேற்றும் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடாத குழந்தைகளின் கல்லீரலும் இதயமும் மாற்று சிகிச்சையின் சூட்டைத் தாங்கும் நிலையில் இருப்பதில்லை. மாறாக, குழந்தையின் சொந்தச் செல்லையே எடுத்து மரபணுவைத் திருத்தித் திரும்ப ஏற்றினால் நிராகரிப்புக்கு இடமே இல்லை. 2023இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்கெவி அப்படிப்பட்ட சிகிச்சை. அதிலும் முட்டுக்கட்டை செல்லின் எண்ணிக்கைதான். இதே சிகிச்சையைப் பெறும் சிக்கிள் செல் (அரிவாள் அணு) நோயாளிகளிடமிருந்து போதுமான ஸ்டெம் செல்லைச் சேகரிக்கவே பலமுறை மருத்துவமனைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது; திருத்தும் வேலையின்போதும் செல்கள் வீணாகின்றன. குறைவாக எடுத்து, திருத்தி, சோதித்து, பிறகு பெருக்கித் தரும் திறன் கைவந்தால் மரபணு சிகிச்சை முழுவதுமே எளிதாகும். ஆகவே, பாதிப் பொருத்த மாற்று வந்துவிட்டதால் செல் வளர்ப்பு தேவையற்றதாகிவிடவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் பொருளாதாரம் சார்ந்தது. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குழந்தைகள் அளவில் தலசீமியா மேஜரோடு பிறக்கிறார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, தாய் தந்தை இருவரும் நோய்க்கூறு தாங்கியவர்களா என்று பார்த்தால் இந்தப் பிறப்புகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். சைப்ரஸ், திருமணத்துக்கு முன்பே இப்படிச் சோதித்து, புதிய தலசீமியா பிறப்புகளை ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. இப்படித் தடுப்பதற்குச் செலவிட வேண்டிய பணத்தை ஆய்வகத்தில் கொட்டலாமா? தடுப்பே முதலில் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அரசு அதில் காட்டும் மெத்தனம் மன்னிக்க முடியாதது. இருந்தாலும், ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்குப் பரிசோதனைத் திட்டம் எந்தப் பதிலும் வைத்திருக்கவில்லை. ரத்தப் புற்றுநோயைத் திருமணத்துக்கு முன் சோதித்துத் தடுக்க முடியாது. மஜ்ஜையே வற்றிப்போகும் ஏபிளாஸ்டிக் அனீமியா, மேற்கு நாடுகளைவிட ஆசியாவில் இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதற்கும் தடுப்பு கிடையாது. நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் நோய் இருப்பது 1952இலேயே கண்டறியப்பட்டது. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் பதிவானதே அங்கேதான். 2023இல் தேசிய ஒழிப்பு இயக்கம் தொடங்கும் வரை எழுபது ஆண்டுகள் எந்தப் பணத்தை மிச்சப்படுத்தினோம்?

பாதுகாப்பு பற்றிய பயத்தை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். ஆய்வகத்தில் பலமுறை பிரிந்த செல்லில் மரபணுப் பிழை சேரலாம். பிழை சேர்ந்த ரத்த ஸ்டெம் செல் புற்றாகலாம். பிரான்சில் நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு நடந்த மரபணு சிகிச்சையில் 2002 முதல் சிலருக்கு லுகீமியா வந்தது. அண்மையில் அமெரிக்காவில் மூளை நோய் ஒன்றுக்கான மரபணு சிகிச்சையிலும் சில குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் ஏற்பட்டது. இந்தச் சம்பவங்கள் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் பதினைந்து ஆண்டு விடாமல் கண்காணிக்கச் சொல்கின்றன. தனியார் நிறுவனம் மூடிவிட்டால் அந்தக் கண்காணிப்பை யார் செய்வார்கள்?

கருவைச் சிதைக்கிறார்களா என்ற அறக் கேள்விக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். யமனாகா முறையில் கருவே பயன்படுவதில்லை. கேம்பிரிட்ஜின் உருண்டைகளில் நஞ்சுக்கொடியாக வளரக்கூடிய பகுதி இல்லை. அவை குழந்தையாக வளர முடியாது.

வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே?

வாங்கலாம், பணம் இருந்தால். ஒமிசர்ஜின் அறிவிக்கப்பட்ட விலை 3,38,000 டாலர். நம் பணத்தில் சுமார் மூன்று கோடி. காஸ்கெவி 22 லட்சம் டாலர். 19 கோடி அளவில் வரும். உடன்பிறந்தவரின் செல்லை வைத்து இந்தியாவில் நடக்கும் சாதாரண மாற்று சிகிச்சைக்குப் பத்து, பதினைந்து லட்சம் திரட்டவே குடும்பங்கள் நிலத்தை விற்கின்றன. இந்த விலையில் பணக்கார நாடுகளுக்கே மூச்சு முட்டுகிறது. தலசீமியாவுக்கான ஸைன்டெக்லோ என்ற மரபணு சிகிச்சையை, விலை பேச்சு படியாததால் அதன் நிறுவனம் 2021இல் ஐரோப்பாவிலிருந்தே விலக்கிக்கொண்டது. மருந்து இருந்தது, நோயாளி இருந்தார், ஒப்புதலும் இருந்தது. சிகிச்சை மட்டும் நடக்கவில்லை. ஒமிசர்ஜைத் தயாரித்த நிறுவனமும் ஒப்புதல் கிடைத்த ஓராண்டுக்குள் கடனில் மூழ்கி, கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. சில நூறு நோயாளிகளுக்காக, ஆளுக்கொரு பை என்று தயாரிக்க வேண்டிய பொருளைப் பங்குச்சந்தை லாபக் கணக்கு தாங்கவில்லை என்பதையே இது காட்டுகிறது.

இங்கே தயாரித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஐ.ஐ.டி. மும்பையும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற, ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. வெளிநாட்டில் மூன்று நான்கு கோடி ஆகும் அந்த சிகிச்சையின் விலை இங்கே சுமார் 40 லட்சம். இதுவும் ஏழைக்கு எட்டாத தொகைதான். ஆனால், அரசுக் காப்பீட்டால் தொடக்கூடிய தூரத்துக்கு வந்துவிட்டது. வேலூரில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் சி.எம்.சி.யும் சேர்ந்து, கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவரின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லில் சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றின. கண்காணிப்புக் காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிக்கை வெளியானது. மருத்துவத் தரத்தில் ரத்த ஸ்டெம் செல்லைக் கையாளும் திறன் நம் ஊரில் இருக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி எதற்கு?

இன்னொரு நல்ல செய்தி, வளர்ப்புத் திரவத்தின் விலை சரிந்துவருவது. ஜப்பானிய விஞ்ஞானி ஹிரோமிட்சு நகௌச்சியின் குழு 2019இல், விலை உயர்ந்த ரத்தப் புரதமான அல்புமினுக்குப் பதில், பசை செய்யப் பயன்படும் பாலிவினைல் ஆல்கஹாலைச் சேர்த்தே எலியின் ரத்த ஸ்டெம் செல்லை ஒரு மாதத்தில் 200 மடங்குக்கு மேல் பெருக்கிக்காட்டியது. 2023இல் மனித ரத்த ஸ்டெம் செல்லுக்கும் அல்புமினோ, விலை மிகுந்த வளர்ச்சிப் புரதங்களோ இல்லாத திரவத்தை அதே வட்டத்தினர் உருவாக்கினர். மூலப்பொருள் மலிவானால், விலையைத் தீர்மானிப்பது காப்புரிமையும் தயாரிப்புக் கூடமும்தான். அவை யாரிடம் இருக்க வேண்டும் என்பது அரசியல் முடிவு.

செய்ய வேண்டியவை

வேலூர், மும்பை போன்ற இடங்களில் ஏற்கெனவே இருக்கும் ஆற்றலை மையமாக வைத்து, மருத்துவத் தரச் செல் வளர்ப்புக் கூடங்களை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நிறுவ வேண்டும். தொடக்கம் தொப்புள்கொடி ரத்தச் செல்லைப் பெருக்குவதாக இருக்கட்டும். நிரூபிக்கப்பட்ட வழி அது. அரசுப் பணத்தில் உருவான எந்தத் தொழில்நுட்பத்தையும் நிறுவனங்களுக்குக் கைமாற்றும்போது, அரசு மருத்துவமனைக்கான விலை உச்சவரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு கெஞ்சிப் பயனில்லை.

தமிழக அரசின் பெரிய மகப்பேறு மருத்துவமனைகளில் பொதுத் தொப்புள்கொடி வங்கிக்கு இடம் ஒதுக்கலாம். இப்போது பல பெற்றோர், தன் பிள்ளைக்கே உதவும் என்ற விளம்பரத்தை நம்பித் தனியார் வங்கிகளுக்குப் பணம் கட்டுகிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. தலசீமியாவோடு பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடியிலும் அதே கோளாறுள்ள மரபணுதான் இருக்கும். எல்லோருக்கும் பொதுவான வங்கியில், நீலகிரிப் பழங்குடிகள் உள்பட எல்லாச் சமூகத்தின் ரத்தமும் இருந்தால்தான் பொருத்தம் கிடைக்கும். ஜப்பானின் கியோட்டோ மையம் ஏழு கொடையாளர்களின் செல்லைக் கொண்டே சுமார் 40 விழுக்காடு ஜப்பானியருக்குப் பொருந்தும் யமனாகா வகைச் செல் இருப்பை உருவாக்கிவிட்டது. பல வம்சங்கள் கொண்ட இந்தியாவுக்கு எத்தனை கொடையாளர் தேவை என்ற கணக்கை இப்போதே தொடங்க வேண்டும்.

செல் கிடைத்தால் மட்டும் போதாது. ஏற்றுவதற்குப் படுக்கை வேண்டும். காற்றை வடிகட்டும் தனி அறைகள், பயிற்சி பெற்ற செவிலியர், இரவு பகலாக இயங்கும் பரிசோதனைக்கூடம் ஆகியவை மாவட்டத் தலைநகர் மருத்துவக் கல்லூரிகளில் சிலவற்றிலாவது அமைய வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மஜ்ஜை மாற்றுக்கு உதவுகிறது. மாற்றுக்குப் பிறகு வரும் ஓராண்டு மருந்துச் செலவையும் அது ஏற்றால்தான் பாதியில் சிகிச்சையை விடுபவர்கள் குறைவார்கள். கர்ப்பிணிகளுக்கான தலசீமியா பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழக்கமான பட்டியலில் சேர்ப்பதும், தொற்றைச் சீக்கிரமே கண்டுபிடிக்கும் நாட் பரிசோதனையை ரத்த வங்கிகளுக்குக் கட்டாயமாக்குவதும் இதோடு சேர்ந்தே நடக்க வேண்டியவை. சாய்பாசா குழந்தைகளைப் போன்றவர்களுக்கு ஆய்வகச் செல் வரும் வரை ரத்தம்தான் ஒரே துணை.

இதற்கிடையில் ஒரு வியாபாரம் கிளம்பும் என்பதை இப்போதே எதிர்பார்க்கலாம். மூட்டு வலிக்கு, ஆட்டிசத்துக்கு, சர்க்கரை நோய்க்கு என்று ஸ்டெம் செல் விற்கும் கிளினிக்குகள் ‘ஆய்வகத்தில் வளர்த்தது’ என்ற புதிய சொல்லையும் பலகையில் எழுதிக்கொள்ளும். ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்ற பயன்பாடுகள் எல்லாம் சோதனை நிலை என்று தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆய்வகச் செல் நம் மருத்துவமனைகளை எட்டும் வரை மனிதர்தான் கொடையாளர். 18 முதல் 50 வயது வரையிலான, நல்ல உடல்நலம் உள்ள எவரும் கொடையாளர் பதிவேட்டில் சேரலாம். பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிக் கொடுத்தால் போதும். பொருத்தம் வந்தால், பெரும்பாலும் தட்டணு தானம் செய்வதைப் போலக் கையிலிருந்தே சில மணி நேரத்தில் ஸ்டெம் செல்லை எடுத்துக்கொள்கிறார்கள். கொடுத்தது சில வாரங்களில் உடலில் மீண்டும் ஊறிவிடும். பதிவு செய்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அழைப்பு வரும்போது பின்வாங்காதீர்கள். அதற்குள் நோயாளியின் மஜ்ஜையைக் காலிசெய்யும் மருந்து தொடங்கப்பட்டிருக்கலாம்.